இஸ்திரி மேசைக்குப் பக்கத்து ஜன்னல்

சந்தேகம் எங்கள் வீட்டில் எனக்கு முன்பே பிறந்த மூத்த பிள்ளை. என் அம்மா கோகிலவாணி பால்காரர் ஊற்றிவிட்டுப் போன பாலை மூன்று முறை முகர்ந்து பார்த்துவிட்டு நான்காவது முறை என்னை முகரச் சொல்வாள். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருந்த என் அப்பா செங்கோட்டுவேல், முந்நூறு அடியில் தண்ணீர் என்று சாமியே வந்து சொன்னாலும் நானூறு அடிக்குக் குழாய் ஏற்றிக்கொண்டு போகிறவர். இந்த இருவருக்கும் ஒரே மகளாகத் திருச்செங்கோட்டில் பிறந்த எனக்குப் பதினாறு வயதில் உதவித்தொகை கிடைத்து, சுவிட்சர்லாந்தில் ஓர் ஏரிக்கு மேலே மலைச்சரிவில் நிற்கும் பன்னாட்டு உறைவிடப் பள்ளிக்கு நான் புறப்பட்டபோது, விமான நிலையத்தில் அம்மா என் காதில் சொன்னது ஒன்றுதான். "எவ என்ன குடுத்தாலும் மோந்து பாக்காமத் திங்காத, மிருது." என் பெயர் மிருதுளா.

அங்கே பெண்கள் விடுதியில் நாங்கள் முப்பத்தெட்டுப் பேர், பத்தொன்பது நாடுகளிலிருந்து வந்தவர்கள், ஆறரைக்கு மணியடித்தால் எழுந்து, ஏழரைக்கு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்று, மாலையில் படிப்பு அறையில் வரிசையாக உட்கார்ந்து, வெள்ளிக்கிழமைகளில் மூன்றாம் மாடிக் கூடத்து இஸ்திரி மேசையில் முறைவைத்துச் சட்டை தேய்த்து, ஒருத்தி பாஷையில் இன்னொருத்தி கெட்ட வார்த்தை கற்றுக்கொண்டு காலம் தள்ளினோம். கைபேசிகள் வாரம் முழுக்க விடுதித் தலைவி ஹால்டர் அம்மையாரின் மரப்பெட்டியில் பூட்டிக் கிடக்கும். ஞாயிறு பகல் பன்னிரண்டு மணிக்குத்தான் ஒரு மணி நேரம் எங்கள் கைக்கு வரும். என் அறைத் தோழிகள் இருவர், கஜகஸ்தானிலிருந்து வந்த ஐகேரிம், கானாவிலிருந்து வந்த அபெனா. எல்லோரும் பேசியது ஆங்கிலம்தான் என்றாலும் என் நினைவில் அவர்கள் எங்கள் ஊர்ப் பேச்சே பேசுகிறார்கள், ஏன் என்று கேட்டால் தெரியாது, அப்படியே சொல்லிவிடுகிறேன்.

இரண்டாம் வருடம் ஜனவரி மாதத்து இரண்டாம் திங்கட்கிழமை காலை, இஸ்திரி மேசைக்குப் பக்கத்து ஜன்னலில் ஏரி தெரியவில்லை, திருச்செங்கோட்டில் எங்கள் வீதி தெரிந்தது. ராசாமணி அக்காவின் மாவு மில், டிரான்ஸ்பார்மர், அதில் யாரோ கட்டிவிட்டு அவிழ்க்க மறந்த கட்சிக் கொடி, எங்கள் வீட்டு நீலக் கேட்டு, கேட்டுக்கு முன்னால் கோலத்தை மிதித்துக்கொண்டு நின்ற யாருடையதோ ஆடு, எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் ஏரியும் பனியும் குளிர்காற்றும்தான். சாத்தினால் எங்கள் வீதி. வெயில் மட்டும் கண்ணாடி வழியாக உள்ளே வந்தது, சத்தம் வரவில்லை.

கண்ணாடி மாற்றுகிற ஆளை வரவழைத்தார்கள். அவர் பழையதைக் கழற்றிப் புதியதைப் பொருத்தினார், புதியதிலும் ஆடு நின்றது, அவர் தன் சீட்டில் கண்ணாடியில் குறையில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கிப் போனார். பூகோள ஆசிரியர் ஒரு வகுப்பையே கூட்டிவந்து டிரான்ஸ்பார்மரின் நிழலை அளக்கச் சொல்லி, அட்சரேகைக்குச் சரியாக இருக்கிறது என்று திருப்தியடைந்தார். முதல்வர், வீதியில் நடமாடும் மனிதர்களின் சம்மதம் இல்லாமல் அவர்களைப் பார்ப்பது முறைதானா என்று மூன்று கூட்டம் போட்டு, கடைசியில் படம் எடுக்கக் கூடாது, ஒருவர் கால்மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது, இஸ்திரி போடுகிறவர்களுக்கு இடைஞ்சல் செய்யக் கூடாது என்று மூன்று விதிகளை ஒட்டிவைத்தார். பெண்கள் ஈரக் காலுறைகளை அந்த வெயிலில் காயப்போட்டார்கள். அதற்குமேல் யாரும் அதிசயப்படவில்லை, ஜனவரியில் அந்த மலையில் வெயில் எங்கிருந்து வந்தாலும் வாங்கிக்கொள்வார்கள்.

ஆனால் வீதி என்று ஒன்று கண்ணுக்கு முன்னால் இருந்துவிட்டால் வீதிக்காரர்களாக ஆகாமல் இருக்க முடியுமா, பிப்ரவரி பிறப்பதற்குள் பத்தொன்பது நாட்டுப் பெண்களும் எங்கள் வீதிப் பொம்பளைகளாக ஆகிவிட்டார்கள். குழாயடியில் யார் குடத்தை யார் தள்ளிவைத்தார்கள் என்பது காலை உணவின்போது பேசப்பட்டது. "ஏம்புள்ள, அந்தப் பச்சச் சீலைக்காரி மில்லுல மாவு அரைக்க வர்றாளா, இல்ல மில்லுக்காரிகிட்ட வத்தி வெக்க வர்றாளா?" என்று ஐகேரிம் கேட்பாள். "அந்த மீசக்காரன் செருப்பக் கழட்டி உட்டுட்டு உள்ள போனா ஒரு மணி நேரமாவுது, சும்மா இல்ல" என்பாள் அபெனா. சத்தம் இல்லாததால் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை, கேட்க வழியில்லாத இடத்தில் சந்தேகம் நன்றாக விளையும். வீதியைச் சந்தேகப்பட்டுப் பழகியவர்கள் விடுதியையும் சந்தேகப்பட்டார்கள், என் ஷாம்பூவை எவளோ தொட்டிருக்கிறாள், என் ஜாம் புட்டியில் வேறு கரண்டி விழுந்திருக்கிறது என்று ஒருத்தி முகத்தை ஒருத்தி ஓரக்கண்ணால் பார்த்தார்கள். எனக்கு அது பிறந்த வீடு மாதிரி இருந்தது.

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை இடைவேளையில் ஐகேரிம் என் கையைப் பிடித்து இழுத்தாள். "உங்க வீட்டு வாசல்ல ஒருத்தரு உக்காந்திருக்காரு பாரு, யாரு அது?"

அது என் அப்பா. மழை இல்லாத அந்த மாதங்களில் ரிக் வண்டியோடு ராய்ப்பூர் பக்கம் காட்டில் இருக்க வேண்டியவர், செவ்வாய்க்கிழமை மதியம் கேட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடுத்த நாளும் உட்கார்ந்திருந்தார், அதற்கடுத்த நாளும். ஞாயிற்றுக்கிழமை அம்மா போன் செய்தாள். வீடியோவில் வருவதை அவள் பொங்கலிலிருந்தே நிறுத்திவிட்டாள், போனில் கேமரா கெட்டுவிட்டதாம்.

"அப்பா எங்கம்மா?"

"ராய்ப்பூர்ல இருக்கறாரு சாமி. காட்டுக்குள்ள ரிக்கு ஓடுது, டவர் கெடைக்கறதில்ல. நீ பரீட்சைக்குப் படிக்கறயா?"

படிக்கிறேன் என்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பா நாற்காலியில் உட்கார்ந்து ஆட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விடுதி முழுக்க இதே பேச்சாகிவிட்டது. சண்டை போட்டுப் பிரிந்து அவரை வாசலில் உட்கார வைத்துவிட்டாள் உன் அம்மா என்றாள் ஐகேரிம், அவர் யாருக்கோ பயந்து ஊரில் இல்லை என்று சொல்லச் சொல்லியிருக்கிறார் என்றாள் அபெனா, ஒரு நாள் விட்டு ஒரு நாள் பதினொரு மணிக்குக் கறுப்புப் பையோடு வருகிற ஆள் வக்கீல்தான் என்று இரண்டாம் மாடி முழுவதும் ஒரு முடிவுக்கு வந்தது. நானும் அம்மாவைச் சந்தேகப்பட்டேன், அப்பாவைச் சந்தேகப்பட்டேன், எதைச் சந்தேகப்பட வேண்டுமோ அதை விட்டு மற்றதையெல்லாம் சந்தேகப்பட்டேன். ஏப்ரல் முதல் வாரத்தில் அப்பா குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பெண்களுக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை. அவர்கள் எல்லோருமே அப்போது கம்பளிக் குல்லாய்தான் போட்டிருந்தார்கள். ஏப்ரலில் எங்கள் ஊரில் காக்காய்கூட வெயிலுக்கு இறங்காது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். ஒரு நாள் அவர் குல்லாயைக் கழற்றித் தலையைச் சொரிந்தார், தலையில் ஒரு முடி இல்லை. ஈரோட்டு ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றிக்கொண்டு வந்து இப்படிக் குல்லாயோடு உட்கார்ந்தவர்கள் இரண்டு பேரை எங்கள் வீதியிலேயே நான் பார்த்திருக்கிறேன், இரண்டு பேரும் இப்போது இல்லை.

பரீட்சை எழுதப் போகிற பிள்ளையிடம் கெட்ட சேதி சொல்லக் கூடாது என்பது எங்கள் பக்கம் எழுதாத சட்டம். பக்கத்து வீதிப் பையன் ஒருவனுக்குத் தாய்மாமன் செத்ததைப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்து பதினெட்டாம் நாள்தான் சொன்னார்கள், அதுவரை அவன் வீட்டில் எல்லோரும் சிரித்துக்கொண்டு திரிந்தார்கள், ஊர் அவர்களைக் கெட்டிக்காரர்கள் என்று மெச்சியது. அம்மாவும் அதைத்தான் செய்கிறாள் என்று புரிந்த ஞாயிற்றுக்கிழமை என்னால் வாயைக் கட்ட முடியவில்லை.

"அப்பாவ வெயில்ல உக்கார விடாதம்மா."

"ராய்ப்பூர் வெயிலையா சொல்ற?" என்றாள், பாலை முகர்கிற குரலில்.

மறுநாள் நாற்காலியைக் காணோம். அதற்கு மறுநாள் அம்மா விடுவிடுவென்று மாவு மில்லுக்குப் போய் ராசாமணி அக்காவை வீதிக்கு இழுத்துவந்தாள். அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள், அம்மா கையை நீட்டிப் பேசினாள், அக்கா மண்ணை வாரித் தூற்றினாள், எந்தச் சத்தமும் இல்லாமல் அப்படி ஒரு சண்டையைப் பார்த்த முப்பத்தேழு பெண்களும் குதித்தார்கள், கால்மணி நேர விதியை அன்று ஒருவரும் மதிக்கவில்லை. என் மகளுக்கு எவளடி சேதி சொன்னது என்றுதான் அம்மா கேட்கிறாள் என்பது எனக்கு உதட்டசைவிலேயே தெரிந்தது. பாவம் ராசாமணி அக்கா, என் வாய்க்கொழுப்புக்கு அவள் ஏச்சு வாங்கினாள்.

ஏழு நாள் அப்பா வெளியே வரவில்லை. அந்த ஏழு நாளில் நான் தின்றது என்ன, படித்தது என்ன என்று எனக்குத் தெரியாது. அடுத்த ஞாயிறு போனில் வேண்டுமென்றே ராய்ப்பூரைப் பற்றி நிறையக் கேட்டேன், அங்கே ரொட்டி கிடைக்கிறதா, லாரிக்கு டயர் மாற்றியாயிற்றா, இந்த வருடம் எத்தனை அடியில் தண்ணீர் என்று கேட்டேன். அம்மா ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லச் சொல்ல அவள் மூச்சு இலேசாவது எனக்குக் கேட்டது. திங்கட்கிழமை நாற்காலி திரும்ப வந்தது. எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டால் அப்பாவை உள்ளே கூட்டிப்போய்விடுவாள், உள்ளே போய்விட்டால் எனக்கு அப்பா இல்லை, அதனால் ஒரு நாளைக்குக் கால்மணி நேர அப்பாவுக்காக நான் வாயைத் தைத்துக்கொண்டேன்.

ஆனாலும் ஊருக்குப் போகப் பார்த்தேன். விடுப்புச் சீட்டோடு ஹால்டர் அம்மையாரிடம் போனேன். அவர் என்னோடு வந்து ஜன்னல் முன்னால் வெகுநேரம் நின்று அப்பாவைப் பார்த்தார், பிறகு என் எதிரிலேயே அம்மாவுக்குப் போன் போட்டு, வீட்டில் எல்லோரும் நலமா என்று மட்டும் கேட்டார். "எல்லாம் வெரி குட் மேடம், எக்ஸாம் ஃபர்ஸ்ட்" என்றாள் அம்மா. பெற்றவர் வாயால் சொல்லாமல் பரீட்சைக் காலத்தில் விடுப்புக் கொடுக்க முடியாது, ஜன்னலைச் சாட்சியாக ஏற்க விதியில் இடமில்லை என்று சொல்லிவிட்டு ஹால்டர் அம்மையார் மூக்கைச் சிந்தினார். அவரை நான் குறை சொல்லமாட்டேன், அம்மா குரலைக் கேட்டால் எவரும் நம்புவார்கள்.

மே மாதம் கணக்குப் பரீட்சை அன்று காலை ஏழரைக்கு மேல்மாடியில் ஒரே கூச்சல். "மிருது, ஓடியா! உங்க வீட்ல கல்யாணம்!" ஓடினேன். எங்கள் வீட்டு வாசலை அடைத்துப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாக வந்து இறங்கின, பெண்கள் கை தட்டினார்கள். வேனிலிருந்து நான்கு பேர் ஒரு நீளமான கண்ணாடிப் பெட்டியை இறக்கினார்கள், பக்கத்தில் மின்கம்பியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஓர் ஆள். "அய், ஐஸ்கிரீம் பொட்டி!" என்றாள் அபெனா.

அது ஐஸ் பெட்டிதான். எங்கள் ஊரில் தூரத்திலிருந்து யாராவது வரவேண்டியிருந்தால்தான் செத்தவரை அதில் வைப்பார்கள். ராய்ப்பூரில் அப்பாவுக்குப் பதிலாக ரிக் ஓட்டிக்கொண்டிருந்த சித்தப்பாவுக்காக வைத்திருக்கிறார்கள். பந்தலில் வாழைமரம் இல்லை என்றேன். யாருக்கும் புரியவில்லை. "எங்கப்பா செத்துட்டாரு" என்றேன், அப்போது புரிந்தது.

வீதியில் பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்து வட்டமாகத் தரையில் உட்கார்ந்தார்கள், அதைப் பார்த்து இங்கேயும் அவர்கள் என்னைச் சுற்றி அப்படியே தரையில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டார்கள், யார் சொல்லிக்கொடுத்தது என்று தெரியாமல் பத்தொன்பது நாட்டுப் பெண்களும் இஸ்திரி மேசைக்குக் கீழே ஒப்பாரி வைத்தார்கள், நானும் வாய்விட்டு அழுதேன், தண்ணீர் வற்றும்வரை அழுதேன். ஹால்டர் அம்மையார் விடுப்புச் சீட்டில் பெற்றவர் கையெழுத்துப் போடும் இடத்தில் தானே கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்து நீட்டினார். நான் வாங்கவில்லை. எந்த விமானத்தில் ஏறினாலும் நாளை ராத்திரிதான் வீடு போய்ச் சேர முடியும், போனால் சாம்பலைப் பார்க்கலாம், இங்கேயே நின்றால் அப்பாவைப் பார்க்கலாம். பகல் பன்னிரண்டரைக்கு அவரைத் தூக்கிக்கொண்டு ஜன்னலின் இடது ஓரத்தைத் தாண்டிப் போகும்வரை பார்த்தேன். ஒரு மணிக்குப் பரீட்சை எழுதினேன். இதைப் பெருமையாகவும் சொல்லவில்லை, வெட்கப்பட்டும் சொல்லவில்லை.

அந்த ஞாயிறு அம்மா போன் செய்தாள்.

"கண்ணு! கணக்கு எப்படி எழுதின?"

"நல்லா எழுதினேம்மா. அப்பா?"

"டவரே கெடைக்கறதில்ல போ. மழ வந்தா வண்டியத் திருப்பீருவாரு. நீ வாரப்பத்தான் அவரும் வருவாரு."

"சரிம்மா."

ஜூன் மாதம் கோயம்புத்தூரில் இறங்கினேன். சித்தப்பா கார் கொண்டுவந்திருந்தார். வீட்டு வாசலில் அப்பாவின் அக்கா பாப்பாத்தி அத்தை தலைமையில் இருபது பெண்கள் காத்திருந்தார்கள். கார்க் கதவு திறந்ததும் அத்தை என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "உங்கொப்பன் போயிட்டானே சாமீ" என்று ஓலமிட்டாள், எல்லோரும் சேர்ந்து ஓலமிட்டார்கள். எனக்கு ஒரு சொட்டு வரவில்லை. மாதம் ஒன்றாகப் போகிறது, நான் அழுது முடித்திருந்தேன். அத்தையின் அழுகை மெல்லக் குறைந்தது, அவள் என்னை விலக்கிப் பிடித்து முகத்தைப் பார்த்தாள்.

"கல்லாட்ட நிக்கறா பாரு. சீமையில போயி மனசே மாறிப்போச்சாட்ட இருக்குது."

"ஒத்தப் புள்ளன்னு எப்படி வளத்தான்" என்றாள் இன்னொருத்தி, எனக்குக் கேட்கும்படி.

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், பாதியாகிப் போயிருந்தாள். அவளும் சந்தேகப்படுகிறாள் என்று தெரிந்ததும் எனக்கு உயிரே போய்விட்டது. ஊர் சொல்வது சொல்லட்டும், அப்பாவுக்காக என் மகள் அழவில்லை என்று அம்மா நினைத்துவிட்டால் அப்புறம் அந்த வீட்டில் எனக்கு என்ன இருக்கிறது. அவள் என் கையைப் பிடித்து உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"யாரு சொன்னா உனக்கு? ராசாமணிதான?"

"யாரும் சொல்லல. நான் பாத்தேன்."

மூன்றாம் மாடி, இஸ்திரி மேசை, கண்ணாடி, நாற்காலி, குல்லாய், ஐஸ் பெட்டி என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அதிசயப்படவில்லை. அது எந்தத் திசையில் இருக்கிற ஜன்னல் என்று கேட்டாள், கிழக்கு என்றேன், கிழக்கே பார்த்தால் நம் ஊர் தெரியாமல் என்ன தெரியும் என்பது போலத் தலையாட்டினாள். ஆனால் என் அம்மா என் அம்மாதான், அதோடு விட்டுவிடுவாளா.

"ஊரே பாத்ததச் சொல்லாத, அத எவ வேணாலும் போன்ல சொல்லீருப்பா. ஊரு பாக்காத ஒண்ணு சொல்லு, நம்பறேன்."

அதைச் சொல்லக் கூடாது என்றுதான் அத்தனை நாளும் இருந்தேன்.

"ஞாயித்துக்கெழம மத்தியானம் எழவு வீட்ல எல்லாரும் அழுதுட்டிருந்தாங்க. அந்தச் சத்தம் எனக்குக் கேட்றக் கூடாதுன்னு நீ போன எடுத்துட்டு டிரான்ஸ்பார்மர்கிட்ட தனியா வந்து நின்ன. முந்தானையில மூஞ்சியத் தொடச்சின. அப்பறம் சும்மாவே சிரிச்சுப் பாத்த. சரியா வரல. மறுபடி சிரிச்ச, அதுவும் வரல. மூணாந் தடவ வந்துச்சு, அதுக்கப்பறந்தான் எனக்குப் போன் போட்ட."

அம்மா கட்டிலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அப்ப நீ?" என்றாள். "சரிம்மான்னு சொன்னயே, நல்லா எழுதினேன்னு சொன்னயே, அத எப்படிச் சொன்ன?"

"நானும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னுட்டு, உன்னோடவே சேந்து மூணு தடவ சிரிச்சுப் பாத்துட்டுத்தான் எடுத்தேன்."

அவள் என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள், நாங்கள் இருவரும் வாய்விட்டு அழுதோம். கதவுக்கு வெளியே பாப்பாத்தி அத்தை யாரிடமோ, "இப்பத்தா அழுவறா" என்று நிம்மதியாகச் சொன்னது கேட்டது.